வெயில் விழாத பக்கம்

எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்த அண்ணனிடம், பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போகிறோம் என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தோம். அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான்.

"லூமுட் பஸ்ஸுல எடது பக்கம் உக்காராதீங்க தங்கச்சி. காலையில வெயிலு அந்தப் பக்கந்தான் அடிக்கும். பிள்ளைங்க மூஞ்சி வாடிப் போயிரும். வலது பக்கமா பாத்து உக்காருங்க."

"சரிண்ணே."

"சாய்ங்காலம் திரும்பி வரும்போதும் வலது பக்கந்தான்."

"அதெப்படிண்ணே? போகும்போது வலதுன்னா வரும்போது எடதுதான?"

"அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க லா!"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல முகம் மலர்ந்துவிடும். மேசையில் சிந்திய தேத்தண்ணியை விரலால் இழுத்து ஈப்போவிலிருந்து லூமுட்டுக்கு ஒரு கோடு போடுவார். என் மகளின் அழிரப்பர்தான் சூரியன். காலையில் இங்கே, மாலையில் அங்கே என்று நகர்த்திக் காட்டுவார். பஸ்ஸும் திரும்பிவிடுகிறது, சூரியனும் இடம் மாறிவிடுகிறது, அதனால் இரண்டு பயணத்திலும் வலது பக்கம்தான் நிழல் என்பார். எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் முழுசாகப் புரிந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வெயில் அவர் சொன்னபடிதான் நடந்துகொண்டது.

ஈப்போ பஸ் நிலையத்தை ஒட்டி இருந்த ஒரு பாய் கடையில் அவர் தண்ணி கலக்குபவர். எங்கள் பக்கத்தில் தண்ணி என்றால் தேத்தண்ணி, கோப்பி, மைலோ எல்லாம்தான். அதனால் ஊரே அவரைத் தண்ணி அண்ணே என்றது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த என் கணவரின் உறவினர் ஒருவர், "மனுசன் பாத்தா தங்கமா இருக்காரு, இந்தப் பழக்கம் மட்டும் எப்படி ஒட்டிக்கிச்சு?" என்று அங்கலாய்த்துவிட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அண்ணன் பியர் போத்தலைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

எனக்கு இந்தத் திட்டம் போடுவது, ஏற்பாடு செய்வது எல்லாம் ஆகவே ஆகாது. நான் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். நாங்கள் குடியிருந்த லயத்தில் யாராவது லோரி பிடித்தால் ஓடிப்போய் ஏறிக்கொள்வோம், எங்கே போகிறது என்று ஏறிய பிறகுதான் கேட்போம். கல்யாணமாகி ஈப்போ வந்து, புந்தோங்கில் வாடகை வீடு பிடித்து, பின்னறையை அண்ணனுக்கு உள்வாடகைக்கு விட்ட பிறகுதான், கடலுக்குப் போவதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது. என் கணவர் டயர் பட்டறையில் வேலை. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் போதும். ஆக இந்த அண்ணனிடம் மாட்டிக்கொண்டவள் நான்தான்.

மலாய்க்காரர்கள் ஊர் சுற்றப் போவதை 'மாக்கான் ஆங்கின்' என்பார்கள், காற்றுத் தின்பது. அண்ணன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பள்ளி விடுமுறை வருகிறது என்றால், "எப்ப தங்கச்சி காத்து திங்கப் போறீங்க?" என்று பின்வாசலில் வந்து நிற்பார்.

"ஃபெரி ஏறுறதுக்கு முன்ன பால் குடுக்காதீங்க. எல்லாம் வெளிய வந்துரும். புளிப்பு ஆசாம் ஒண்ணு வாயில போட்டு அதக்கச் சொல்லுங்க, பொரட்டாது. சோறு புளிச்சோறாக் கட்டுங்க. தேங்காப்பால் சோறு அந்தச் சூட்டுக்குக் கெட்டுப்போவும். ரெண்டு பிள்ளைங்க கையிலயும் ஒரே செவப்புத் துணி கட்டிவிடுங்க, கூட்டத்துல கண்ணுல படும். அப்பறம் தங்கச்சி, போன ஒடனே தண்ணியில எறக்கிறாதீங்க. மொதல்ல மணல்ல உக்கார வைங்க. பிள்ளைங்க கடலப் பாக்கட்டும். கடலும் பிள்ளைங்களப் பாக்கட்டும்."

"ஏண்ணே, கடலுக்குக் கண்ணு இருக்கா?"

"பழகணும் இல்ல? நீங்க புது வீட்டுக்குப் போனா ஒடனே குசினிக்குள்ள பூந்துருவீங்களா?"

இப்படி எல்லாம் சொல்லிவிட்டு, கிளம்பும்போது எப்போதும் ஒரே வாக்கியத்தில் முடிப்பார். "நாங்க ரெண்டு முழு, மூணு அரை. அதனாலதான் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கு."

முழு என்றால் முழு டிக்கெட். அவரும் அவர் மனைவியும். அரை என்றால் அரை டிக்கெட், பிள்ளைகள். இரண்டு பெண், கடைசியில் ஒரு பையன். ஆனால் அந்தப் பின்னறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு தட்டு.

முதல் தடவை லூமுட்டில் ஃபெரி ஏறிப் பங்கோர் தீவுக்குப் போய்விட்டு வந்த மறுநாள், என் இரண்டு பிள்ளைகளும் வாந்தியே எடுக்கவில்லை என்ற சந்தோஷத்தில், ஒரு கிண்ணம் பாயசத்தோடு அவர் அறைக்குப் போனேன். "நீங்க கடைசியா எப்பண்ணே பங்கோர் போனீங்க?" என்று கேட்டேன்.

"நான் போனதில்லையே."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னாண்ணே வெளையாடுறீங்களா? ஃபெரியில எந்த மூலையில உக்காரணும்னுகூடச் சொன்னீங்களே!"

"அது கடைக்கு வாரவங்க சொல்றதுதான்."

லூமுட்டிலிருந்து வரும் பஸ் கடைக்கு எதிரில்தான் நிற்கும். காலில் மணல் ஒட்டிய குடும்பமாகப் பார்த்து, தேத்தண்ணியை வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவாராம். எந்தக் கரை, அலை எப்படி, பிள்ளை எதற்கு அழுதது, எங்கே நிழல் கிடைத்தது. பாய்கூடத் திட்டுவாராம், "நீ தண்ணி கலக்க வந்தியா, விசாரண பண்ண வந்தியா?" என்று. பத்துக் குடும்பத்தின் விடுமுறையைக் கேட்டுக் கேட்டுத் தன்னுடைய ஒரு விடுமுறையைச் சேர்த்து வைத்திருந்தார்.

"அப்ப நீங்களும் ஒரு நாள் போய்ட்டு வரலாம்ல? லூமுட் என்ன லண்டனா?"

"போனா பிள்ளைங்களோடதான் போறது. தனியாப் போயி அந்தக் கடல நான் என்னா செய்ய?"

அவர் கடலைப் பார்த்தது ஒரே முறை, பினாங்குத் துறைமுகத்தில். எழுபதுகளின் ஆரம்பத்தில், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்ததே, அப்போது அவர் வேலை செய்த தோட்டமே கலங்கிப் போனது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் எல்லாம் மூட்டை கட்டினார்கள். இங்கேயே பிறந்திருந்தும் அண்ணனுக்கும் சிவப்புக் கார்டுதான். அவர் மாமியார் பயந்துபோய், மகளையும் மூன்று பேரப்பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு சேலத்துப் பக்கம் இருந்த சொந்த ஊருக்குக் கப்பலேறிவிட்டார். இங்கே ஒருவர் சம்பாதித்தால்தான் அங்கே அடுப்பெரியும் என்று அண்ணன் நின்றுவிட்டார். குடியுரிமை கிடைத்துக் கார்டு நீலமானதும் எல்லோரையும் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம் என்றுதான் ஏற்பாடு. கார்டு நீலமாகவே இல்லை. நடுவில் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரவும் தைரியம் இல்லை. போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயம்.

கப்பல் ஏறும்போது கடைசிப் பையனுக்கு ஐந்து வயது. கடலைப் பார்த்து அழுதானாம். "அழாதடா, நீ திரும்பி வந்ததும் அப்பா ஒன்ன நல்ல கடலுக்குக் கூட்டிப் போறேன், எறங்கி வெளையாடலாம்" என்று சொல்லி ஏற்றிவிட்டாராம். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்த மனிதர் வருஷக்கணக்காகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய பெட்டியில் ஒரு பெலாம்போங் இருந்தது. காற்றடித்துப் பிள்ளைகளின் இடுப்பில் மாட்டிவிடுவோமே, அந்த மிதக்கும் வளையம். மஞ்சள் நிறம், முன்னால் வாத்துத் தலை. வருஷா வருஷம் விடுமுறைக்கு முன்னால் அதை எடுத்து, வாயால் ஊதி, காது கிட்ட வைத்துக் காற்று போகிறதா என்று பார்ப்பார். பிறகு அடைப்பைத் திறந்து விடுவார். அந்தக் காற்று முழுவதும் வெளியேறும்வரை கட்டிலில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருப்பார். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப்பவுடர் தூவி மடித்து வைப்பார். என் மகன் நடக்க ஆரம்பித்த வயதில் அந்த வாத்தைக் கேட்டுத் தரையில் புரண்டு அழுதான். அண்ணன் கொடுக்கவில்லை. மறுநாள் பசாரில் இதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்து கொடுத்தார். பெட்டியிலிருந்த வாத்து பெட்டியிலேயே இருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு வருஷம் அவர் வழக்கம்போல, "சின்னவனுக்கு அஞ்சு வயசுதான், அவன ஆழத்துல விட முடியாது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, "அண்ணே, போன வருசமும் அஞ்சுதான சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி என்னை முறைத்தார்.

அண்ணன் கோபப்படவில்லை. "கணக்குத் தெரியாம இல்ல தங்கச்சி. மீச மொளச்சிருக்கும். ஆனா நான் பாத்தது அஞ்சு வயசத்தான? பாக்காத வயசுக்கு நான் எப்படி ஏற்பாடு பண்ணுவேன்?"

நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருவழியாக அந்தப் பையன் வந்தான். பெண்கள் இருவருக்கும் அங்கேயே கல்யாணமாகிவிட்டது. மனைவிக்குக் கடல் தாண்டும் தெம்பு இல்லை, மனசும் இல்லை என்று ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். இரண்டு வாரத்துக்கு விசா எடுத்துக்கொண்டு மகன் மட்டும் வந்தான். ஒல்லியாக, உயரமாக, அடர்த்தியான மீசையோடு. ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான். என்னை அக்கா என்றான், என் கணவரை மாமா என்றான். பெற்றவரை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏங்க", "இங்க பாருங்க", "நீங்க சாப்பிட்டீங்களா" என்பதோடு சரி. அண்ணன் கடையிலிருந்து வரும்போது எழுந்து நிற்பான். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முன்னால் நிற்பதுபோல இவரும் நிற்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஒருத்தரையொருத்தர் பிடித்துத் தள்ளிவிடலாமா என்றிருக்கும்.

"பங்கோர் போலாமா தம்பி? ஒனக்குக் கடல் காட்டுறேன்னு சொல்லியிருந்தேன்" என்று அண்ணன் கேட்டார்.

"உங்க இஷ்டமுங்க" என்றான்.

துணைக்கு நாங்களும் வர வேண்டும் என்று அண்ணன் கெஞ்சினார். தனியாக அவனோடு பஸ்ஸில் உட்கார அவருக்குப் பயம், எனக்குத் தெரியும். பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு போனோம். என் மகளுக்கு ஒன்பது, மகனுக்கு ஐந்து அப்போது. வலது பக்கமாகவே உட்கார்ந்தோம். புளிச்சோறு, ஆசாம், சிவப்புத் துணி, எல்லாம் அண்ணன் சொன்னபடியே. அவர் மடியில் ஒரு பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவே வேண்டியதில்லை.

லூமுட் படகுத்துறையில் எங்கள் டிக்கெட்டை என் கணவர் எடுத்துவிட்டார். அடுத்து அண்ணன் சன்னலுக்கு முன்னால் போனார். எத்தனை வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த அரை டிக்கெட்டோ, அப்படியே வாயில் வந்துவிட்டது. "சத்து டேவாசா, சத்து புடாக்." பெரியவர் ஒன்று, பிள்ளை ஒன்று.

உள்ளே இருந்த மலாய்க்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணனின் இடுப்பு உயரத்தில் தேடினார். "புடாக் மானா?"

அண்ணன் திரும்பினார். பின்னால் மீசையோடு அவன்.

"என்ன கேக்குறாருங்க?" என்றான் அவன். என் மகள்தான், எதிலும் முந்திக்கொள்கிறவள், "பிள்ள எங்கன்னு கேக்குறாரு" என்றாள்.

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன் சன்னலுக்குத் திரும்பி, "டுவா டேவாசா" என்றார். பெரியவர் இரண்டு. சத்தமே எழும்பவில்லை, அந்த மனிதர் மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

ஃபெரியில் ஏறியதும் என் பிள்ளைகளின் வாயில் ஆசாம் போட்டார். தனக்குப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். பாதிக் கடலில் அவருக்குப் புரட்ட ஆரம்பித்தது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தலையை நீட்டிய நேரம், பெரிய படகு ஒன்று குறுக்கே போன அலையில் ஃபெரி ஒரு ஆட்டம் ஆடியது. அண்ணனின் கை வழுக்கியது.

"யப்பா!"

அவன்தான் கத்தினான். கத்தியபடியே பாய்ந்து அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். அவர் வாந்தி எடுத்து முடிக்கும்வரை நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

மணலில் உட்கார்ந்து பெலாம்போங்கை எடுத்து ஊதினார் அண்ணன். ஊதிக்கொண்டே இருந்தார், அது நிறையவே இல்லை. மடித்து மடித்து வைத்த இடத்தில் விரிசல் விட்டிருந்தது. அவன் அதை வாங்கி, காதோரம் வைத்துப் பார்த்து, ஓட்டையைக் கண்டுபிடித்தான். சைக்கிள் கடைக்காரன் அல்லவா. "பஞ்சர் ஒட்ட இங்க சாமான் இல்லீங்க" என்றான். பிறகு ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, தானே ஊதினான். நிறைந்தது. "இது யாருக்குங்க?" என்று கேட்டான்.

அண்ணன் காலிப் பையை மடித்தார். அவன் கொஞ்ச நேரம் அந்த வாத்துத் தலையைப் பார்த்தான். அப்புறம் என் மகனைக் கூப்பிட்டு வளையத்துக்குள் நிறுத்தி, விரலை எடுக்காமல் மெதுவாகத் தண்ணீருக்குள் நடத்திக்கொண்டு போனான். இடுப்பளவு தண்ணீரில் என் மகன் கிறீச்சிட்டுச் சிரித்தான். அவனும் சிரித்தான். வந்ததிலிருந்து அவன் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

"நீங்களும் எறங்குங்கண்ணே" என்றேன்.

"நீங்க போங்க தங்கச்சி. நான் சிலிப்பர ஜாகா பாத்துக்கிறேன்." எங்கள் செருப்புகளை எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, காவல்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அவர் காலைத் தொடவே இல்லை.

விசா முடிந்து அவன் போய்விட்டான். விமானநிலையத்திலும் "வாரனுங்க" என்றுதான் சொன்னானாம்.

அதன் பிறகு அண்ணன் பின்வாசலில் வந்து நிற்பதை விட்டுவிட்டார். கடைக்குப் போவார், வருவார், கதவைச் சாத்திக்கொள்வார். மணல் ஒட்டிய காலோடு குடும்பங்கள் வந்து உட்கார்ந்தாலும் தேத்தண்ணியை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறாராம். பாய் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார், "தங்கச்சி, அந்தாளு பேசாம கெடக்குறத என்னால பாக்க முடியல. பழையபடி விசாரண பண்ணச் சொல்லுங்க."

அடுத்த பள்ளி விடுமுறை வந்தது. அவர் வராவிட்டால் என்ன, நானே கடைக்குப் போனேன். வேண்டுமென்றே கேட்டேன், "அண்ணே, பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு லூமுட் போறோம். எந்தப் பக்கம் உக்காரணும்?"

"எந்தப் பக்கம் உக்காந்தாலும் போய்ச் சேந்துரும் தங்கச்சி."

இந்த மனிதரிடம் இதற்கு முன்னால் எத்தனை முறை, போதும் விடுங்கண்ணே என்று எழுந்து போயிருக்கிறேன். இப்போது அவர் வாயிலிருந்து ஒரு வெயிலாவது நிழலாவது வராதா என்று நின்றேன். அவர் குவளையைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. அன்னிக்கி ஃபெரியில 'யப்பா'ன்னானே."

"ஆமாண்ணே."

"அது என்னையக் கூப்பிட்டானா, இல்ல பயத்துல எல்லாரும் சொல்றமே, அந்த மாதிரி சும்மா சொன்னானா?"

காலில் முள் குத்தினால் யப்பா. சூடு பட்டால் யப்பா. நான்கூட ஒரு நாளைக்கு எத்தனை யப்பா போடுகிறேன். அவன் எதை நினைத்துச் சொன்னான் என்று எனக்கென்ன தெரியும்? அத்தனை மாதமாக இவர் இதைத்தான் அந்தப் பின்னறையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்னா கேள்விண்ணே இது? ஒங்களத்தான் கூப்பிட்டான். பக்கத்துல நின்ன எனக்குத் தெரியாதா?" என்று அதட்டினேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பஸ் நிற்கும் பக்கம் பார்த்தார். பிறகு எனக்கு ஒரு தேத்தண்ணி கலக்கி வந்து வைத்தார். வைக்கும்போது கொஞ்சம் சிந்தியது. அந்த ஈரத்தில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார்.

"வலது பக்கமே உக்காருங்க தங்கச்சி" என்றார். "வரும்போதும் வலதுதான்."